மணற்கல்லில் ஒரு சுருள் குழி: இது அம்மோனைட்தானா? பெயர் கண்டுபிடிக்க உதவுங்கள்

வரப்போரம்:
வணக்கம். பெரம்பலூர் மாவட்டம் கொளக்காநத்தம் பக்கம் எங்கள் சித்தப்பா காட்டில் பழைய கிணற்றை ஆழப்படுத்தினார்கள். ஜேசிபி அள்ளிக் கொட்டிய கல் மேட்டில் இது கிடந்தது. பழுப்பு மஞ்சள் மணற்கல், உரிக்காத தேங்காய் அளவு. ஒரு முகத்தில் சக்கரம் போலச் சுருள், குறுக்கே 8 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். ஓடு என்று எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மூன்று படம் போட்டிருக்கிறேன்.

ஊரில் நத்தை என்கிறார்கள். கல் வாங்கி விற்கும் ஒருவர் பார்த்த உடனே ஒரு லத்தீன் பெயரைச் சொல்லி, அதுதான் என்று முடித்துவிட்டார். அந்தப் பெயரைத் தேடினால் வருகிற படங்களில் எல்லாம் முருங்கை இலைக் கொத்து மாதிரி நெளிநெளியான கோடுகள் இருக்கின்றன. என் கல்லில் அப்படி ஒரு கோடுகூட இல்லை. அப்படியானால் இது அம்மோனைட்டே (சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிரி) இல்லையா?

ஆற்றுமணல்:
அந்த நெளி கோடு இல்லையென்றால் நாட்டிலஸாக, அதாவது இன்றும் கடலில் வாழும் சுருள் ஓட்டு உயிரியின் வகையாக, இருக்கலாம். நாட்டிலஸில் கோடு எளிமையாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். இரண்டாவது படத்தில் சுற்றுகள் நன்றாக மேடாக, உருண்டு நிற்கின்றனவே.

வரப்போரம்:
மேடாக இல்லை, எல்லாம் குழி. விரல் வைத்தால் உள்ளே போகிறது. படத்தில் எனக்கும் மேடாகத்தான் தெரிகிறது!

பழைய பாறை:
தம்பி, பெயரைத் தேடுவதை ஒரு நாள் தள்ளி வையுங்கள். மணற்கல்லில் முதலில் கேட்க வேண்டியது வேறு. நீங்கள் பார்ப்பது உயிரியின் எந்தப் பக்கம்? ஓட்டின் வெளிப்பக்கம் பதிந்த அச்சா, ஓட்டின் உள்ளே போய் இறுகிய மண்ணா? இதைத் தீர்க்காமல் சொல்லும் பெயர் எதுவும் நிற்காது. முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாதித் தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன.

பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவுத் தோல்தான் அம்மோனைட்டின் ஓடு. உள்ளே இருக்கும் பூரணம், இறந்த ஓட்டுக்குள் புகுந்து இறுகிய மணல். கொழுக்கட்டையை அழுத்தும் அச்சு, ஓட்டைச் சுற்றி வெளியே இறுகிய மணல். இப்போது மாவுத் தோல் மட்டும் கரைந்து போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கையில் மிஞ்சுவது இரண்டு. ஒன்று அச்சு. அதில் ஓட்டின் வெளிப்புற வரிகளும் குமிழ்களும் தலைகீழாக, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் பதிந்திருக்கும். இன்னொன்று பூரணம். அது ஓட்டின் உள்பக்கத்தை மட்டுமே காட்டும். அச்சை வெளி அச்சு என்றும், பூரணத்தை உள் வார்ப்பு என்றும் இந்த இழையில் சொல்லிக்கொள்வோம்.

சரி, அந்த இலைக் கோடு எங்கே போயிற்று? அம்மோனைட் வளர வளர, விட்டு வந்த பகுதியை ஒரு தடுப்பு போட்டு அறையாக அடைத்துக்கொண்டே வரும். அந்தத் தடுப்பின் விளிம்பு ஓட்டின் உள்பக்கச் சுவரைத் தொடும் இடம்தான் தையல் கோடு. அது ஓட்டின் வெளியே வருவதே இல்லை. ஆகவே உள் வார்ப்பில்தான் அது தெரியும், வெளி அச்சில் ஒருபோதும் தெரியாது. உங்கள் கல் குழி என்கிறீர்கள். அப்படியானால் அது வெளி அச்சு. கோடு இல்லாதது எதையும் நிரூபிக்கவில்லை, நாட்டிலஸ் என்றும் சொல்லவில்லை, அம்மோனைட் இல்லை என்றும் சொல்லவில்லை.

படத்தில் மேடாகத் தெரிவதற்குக் காரணம் வெளிச்சம். ஒளி மேலிருந்துதான் வரும் என்று கண் எடுத்துக்கொள்ளும். கீழிருந்து ஒளி விழுந்த குழி மேடாகத் தோன்றும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், குழியாகிவிடும். இனிமேல் எடுக்கும் படங்களில் டார்ச்சை இடது மேல் மூலையில், கல்லோடு ஒட்டினாற்போலத் தாழ்வாகப் பிடியுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோல்.

வரப்போரம்:
ஐயா, திருப்பினேன். அப்படியே உள்ளே அமுங்கிவிட்டது! பத்து நாளாகப் படத்தைப் பார்த்து மேடாக வரைந்து வைத்தது எல்லாம் தலைகீழ்.

ஆனால் ஒரு சந்தேகம். அதே கல்லின் மறு பக்கத்தில் சிப்பி ஒன்று ஓட்டோடு அப்படியே இருக்கிறது, தட்டினால் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் பொடிகிறது. ஒரே கல்லில் சிப்பி ஓடு இருக்க, சுருளின் ஓடு மட்டும் எப்படிக் காணாமல் போனது?

கோலமாவு:
இது ரொம்ப நல்ல கேள்வி, வரப்போரம். நீங்கள் கவனித்ததே ஒரு சாட்சி.

இரண்டு ஓடும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் படிகம் வேறு. சிப்பி வகை ஓட்டில் பெரும்பகுதி கால்சைட். அம்மோனைட் ஓடு அரகோனைட். அரகோனைட் எளிதில் கரையும். மணற்கல்லில் மணிகளுக்கு இடையே இடைவெளி அதிகம், மழைத் தண்ணீர் கசிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். மண்ணில் இறங்கிய மழைநீரில் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு. கோடிக்கணக்கான ஆண்டில் அரகோனைட் கரைந்து போய், அது இருந்த இடம் காலியாக நிற்கிறது. கால்சைட் சிப்பி தாக்குப்பிடிக்கிறது. அதனால் ஒரே கல்லில் சிப்பி ஓட்டோடும், சுருள் ஓடில்லாமலும் இருந்தால், சுருள் அரகோனைட் உயிரியினுடையது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நாட்டிலஸ், பெரும்பாலான நத்தைகளின் ஓடும் அரகோனைட்தான். இதை வைத்து அம்மோனைட் என்று முடிக்க முடியாது, சிப்பிகளைத் தள்ளிவிடலாம், அவ்வளவுதான்.

நான் எம்.எஸ்சி. படித்தபோது உங்கள் வட்டாரத்திலேயே காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் மேடுகளிலும் கருடமங்கலம் சுண்ணாம்புக்கல்லிலும் வேலை செய்தேன். கருடமங்கலத்துக் கல்லில் ஓடு பளபளவென்று அப்படியே இருக்கும். அதை மெருகேற்றி அலங்காரக் கல்லாகப் பயன்படுத்தினார்கள், திருச்சி மார்பிள் என்றே பெயர். அங்கிருந்து கொஞ்ச தூரம் தள்ளி வெயிலிலும் மழையிலும் சுண்ணாம்பு போய்விட்ட மணற்கல்லில் ஓட்டின் இடம் காலி. ஒரே கடல், ஒரே உயிரிகள், பாதுகாத்து வைத்த விதம் மட்டும் வேறு.

திருவரங்கத்தான்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் அகத்தில் மூன்று தலைமுறையாகப் பூஜையில் இருக்கும் சாளக்கிராமத்தில் சிறு துவாரம் உண்டு. உள்ளே இதே போன்ற சக்கர ரேகை தெரியும். அதுவும் நீங்கள் சொல்லும் வெளி அச்சுதானா?

பழைய பாறை:
ஆமாம் சுவாமி. சாளக்கிராமங்கள் நேபாளத்தில் காளி கண்டகி ஆற்றில் கிடைப்பவை. இமயத்தின் அந்தப் பகுதியில் ஸ்பிடி ஷேல் என்ற கறுப்புப் பாறை இருக்கிறது, ஜுராசிக் காலத்தின் பிற்பகுதி, ஏறத்தாழ 15 கோடி ஆண்டு. அதற்குள் உருண்டையாக இறுகிய கற்களின் நடுவே அம்மோனைட் இருக்கும். ஆறு உருட்டி உருட்டி வழவழப்பாக்குகிறது. துவாரத்தின் உட்சுவரில் தெரிவது பெரும்பாலும் ஓட்டின் வெளிப்பக்கம் பதிந்த அச்சு. ஆனால் அது நுண்ணிய சேறு இறுகிய கல், மணற்கல் அல்ல. அதனால்தான் ரேகை அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. பூஜையில் இருப்பதை அளக்கவோ அச்செடுக்கவோ வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

திருவரங்கத்தான்:
நன்றி. இன்று திருமஞ்சனம் செய்யும்போது நின்று பார்த்தேன். ரேகைகள் வெளியோரத்தில் இரண்டிரண்டாகப் பிரிகின்றன. இத்தனை வருடம் கவனித்ததில்லை.

கோலமாவு:
வரப்போரம், இப்போது செய்ய வேண்டியது குழியை மேடாக்குவது. தலைகீழ் அச்சைப் பார்த்து மனசுக்குள் திருப்பிப் போடுவது பழகியவர்களுக்கே தடுமாறும். எண்ணெய்க் களிமண் என்று குழந்தைகளுக்கு விற்பார்களே, காயாத வகை, அது போதும். ஈரக் களிமண் வேண்டாம், மணற்கல் தண்ணீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது மணி மணியாகக் கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

முதலில் மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். விரலால் தடவிப் பாருங்கள், மணி உதிர்ந்தால் நிறுத்திவிடுங்கள். அப்படி உதிர்கிற கல்லை முதலில் கெட்டிப்படுத்த வேண்டும். அருங்காட்சியகங்களில் அசிட்டோனில் மிக நீர்க்கக் கரைத்த பாரலாய்டு பிசினைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். பின்னால் வேண்டுமானால் அதை அசிட்டோனாலேயே கரைத்து எடுத்துவிடலாம். வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையைத் தடவிவிடாதீர்கள், நுண் வரிகள் எல்லாம் அடைபட்டுப் போகும். உதிரவில்லையென்றால் முகப் பவுடரை லேசாகத் தூவி, களிமண்ணை நடுவிலிருந்து வெளியே அழுத்திக்கொண்டு வாருங்கள். எடுக்கும்போது ஒரு பக்கமாக மெல்ல உரிக்க வேண்டும்.

குமரித்தோட்டம்:
எங்கள் பக்கம் ரப்பர் பால் சுலபமாகக் கிடைக்கும் என்பதால் சொல்கிறேன். களிமண்ணைவிட அதில் விவரம் நன்றாக வரும். முதல் பூச்சு தண்ணீர் மாதிரி மெல்லியதாக, குமிழி இல்லாமல். காய்ந்த பிறகு அடுத்தது. நாலாவது பூச்சில் கட்டுத் துணி ஒரு துண்டு வைத்து மேலே இன்னும் இரண்டு. அம்மோனியா நெடி இருக்கும், திண்ணையில் வைத்துச் செய்யுங்கள். ஆனால் கல் பொடிகிற கல்லாக இருந்தால் ரப்பரும் இழுத்துக்கொண்டு வரும், அக்கா சொன்னது போல முதலில் விரலால் சோதியுங்கள்.

வரப்போரம்:
நேற்று இரவு களிமண் அச்சு எடுத்தேன். மணி உதிரவில்லை. புதுப் படங்கள் போட்டிருக்கிறேன், ஒளி இடது மேலிருந்து.

பார்த்தது: இரண்டரைச் சுற்று தெளிவாக இருக்கிறது. விட்டம் ஒரு வாக்கில் 84 மி.மீ., குறுக்கு வாக்கில் 81. நடுவில் பழைய சுற்றுகள் தெரியும் பள்ளம் 28 மி.மீ. வரிகள் அடர்த்தியாக, மெல்லியதாக, கொஞ்சம் முன்னால் சாய்ந்து போகின்றன. கடைசிச் சுற்றில் எண்ணினால் எழுபதுக்கு மேல். இடையிடையே ஆழமான ஒரு வாய்க்கால் மாதிரி, வரிகளைவிடச் சாய்வாக. அரைச் சுற்றில் அப்படி மூன்று.

பழைய பாறை:
அருமையாக அளந்திருக்கிறீர்கள். இரண்டு விட்டமும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பது நல்ல செய்தி, கல் நசுங்கவில்லை. சேற்றுப் பாறையில் அம்மோனைட் தட்டையாக நசுங்கியிருக்கும், மணல் அவ்வளவாக அமுங்காது. அந்த ஒரு விஷயத்தில் மணற்கல் நமக்கு நண்பன்.

நடுப் பள்ளத்துக்குப் பெயர் தொப்புள். உங்களுடையது விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது புதுச் சுற்று பழைய சுற்றை முழுக்க மூடவுமில்லை, அடுக்கிய கயிறு போல முழுக்கத் திறந்தும் விடவில்லை. பிளாசென்டிசெரஸ் போன்ற மெல்லிய தட்டு வகைகளில் தொப்புள் மிகச் சிறியது, ஆகவே அவற்றைத் தள்ளிவிடலாம். (பிளாசென்டிசெரஸ் தமுலிகம் என்றே ஓர் இனம் நம் பகுதியில் உண்டு. நம் மொழியின் பெயரைச் சுமக்கும் அம்மோனைட். ஒவ்வொரு முறை எழுதும்போதும் எனக்கு ஒரு சந்தோஷம்.)

ஆழமான சாய்வு வாய்க்கால்களை இறுக்கங்கள் என்போம். வளர்ச்சி கொஞ்ச காலம் நின்ற இடங்கள் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அவை இருப்பது பட்டியலை நன்றாகக் குறுக்கிவிடுகிறது.

ஆற்றுமணல்:
அப்படியானால் புசோசியா! மெல்லிய வரி, இறுக்கங்கள், நடுத்தரத் தொப்புள். எல்லாம் பொருந்துகிறதே.

கோலமாவு:
பொருந்துகிறது, ஆனால் காஸ்மாட்டிசெரஸும் பொருந்துகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தொப்புளின் கரையில் இருக்கிறது. புசோசியாவில் கரை வழவழப்பு, மெல்லிய வரிகள் வெளிப்பக்கத்தில்தான் பலமாக இருக்கும். காஸ்மாட்டிசெரஸில் தொப்புள் கரையில் வரிசையாகக் குமிழ்கள், ஒவ்வொரு குமிழிலிருந்தும் இரண்டு மூன்று வரிகள் கிளம்பி வெளியே போகும். வரப்போரம், களிமண் அச்சில் அந்தக் கரையை மட்டும் நெருக்கமாகப் படம் எடுங்கள். கல்லில் பார்க்காதீர்கள், அங்கே குமிழ் என்பது ஊசி குத்திய குழியாகத்தான் இருக்கும், மண் அடைத்திருந்தால் தெரியவே தெரியாது.

கிழக்குச் சீமை:
இறுக்கங்கள் என்று கேட்டதும் எனக்கு அம்மோனைட்டின் பழங்கால உறவான கோனியடைட் ஞாபகம் வருகிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பழைய மணற்கற்களில் கோனியடைட் அச்சுகளாகக் கிடைக்கின்றனவே. இது ஏன் அதுவாக இருக்கக்கூடாது?

பழைய பாறை:
உருவத்தை மட்டும் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்விதான். பதில் ஊரில் இருக்கிறது. கோனியடைட்டுகள் டெவோனியன் காலத்தில் தோன்றி, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் முடிவோடு அழிந்தன. பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கடற்பாறைகள் கிரிட்டேஷியஸ் காலத்தவை. அடியில் இருக்கும் பாறை அடுக்குகளான ஊட்டத்தூர்த் தொகுதி ஏறத்தாழ 11 கோடி ஆண்டில் தொடங்குகிறது, அதற்கு மேல் திருச்சிராப்பள்ளித் தொகுதி, அதற்கு மேல் அரியலூர்த் தொகுதி. கொளக்காநத்தமும் ஆனைப்பாடியும் நடுத் தொகுதி, சுமார் 9 கோடி ஆண்டு. கோனியடைட் போய் 15 கோடி ஆண்டுக்கு மேல் ஆன பிறகு படிந்த மணல் அது. அதனால்தான் நான் எப்போதும் கல்லை விட முதலில் ஊர்ப் பெயரைக் கேட்பேன். ஊர் தெரியாத அச்சு, எவ்வளவு அழகாக இருந்தாலும், பாதி ஊமை.

கையில் உள் வார்ப்பு இருந்தால் தையல் கோடே இதைச் சொல்லிவிடும். கோனியடைட்டில் கோடு மடிப்பு மடிப்பாக, ஆனால் பல் இல்லாமல் போகும். செரடைட் என்ற இன்னொரு பழைய உறவில் ஒரு பக்க வளைவுகளில் மட்டும் ரம்பப் பல். அம்மோனைட்டில் எல்லா வளைவிலும் கிளைக்குள் கிளை. நாட்டிலஸில் அலை போன்ற எளிய வளைவு மட்டும். ஆனால் இங்கேயும் மணற்கல்லில் ஓர் ஆபத்து. நடுத்தர மணலில் ஒவ்வொரு மணியும் கால் மி.மீ. முதல் அரை மி.மீ. வரை இருக்கும். அதைவிட நுண்ணிய கிளைகள் எப்படிப் பதியும்? அம்மோனைட் கோட்டின் பற்கள் மழுங்கி செரடைட் போலத் தெரியும், இன்னும் மழுங்கினால் கோனியடைட் போல. தேய்ந்த உள் வார்ப்பிலும் இதே கதை. கோடு எளிமையாக இருக்கிறது என்றால் உண்மையிலேயே எளிமையா, தேய்ந்ததா என்று மணியின் அளவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோலமாவு:
இன்னொரு குழப்பமும் உண்டு, சொல்லிவிடுகிறேன். சில கற்களில் உள் வார்ப்பின் மேலேயே வெளி வரிகள் கூர்மையாக, தையல் கோட்டோடு சேர்ந்து தெரியும். மணல் முழுக்க இறுகும் முன்பே ஓடு கரைந்துவிட்டால், மேலிருக்கும் அழுத்தத்தில் வெளி அச்சு வந்து பூரணத்தின் மேல் ஒத்திவிடும். இரண்டு முகமும் ஒன்றாகிவிடும். அதைப் பார்த்துவிட்டு, ஓடு இருந்தாலும் கோடு வெளியே தெரியும் என்று சிலர் நம்பிவிடுகிறார்கள்.

அப்புறம் ஒன்று. அச்சில் இடம் வலமும் மாறும். சாதாரண அம்மோனைட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்று போல இருப்பதால் பாதிப்பில்லை. ஆனால் காரையில் கிடைக்கும் டர்ரிலைட்டிஸ் என்ற அம்மோனைட் கோபுரம் போல ஏறிச் சுருளும். அதன் வெளி அச்சைப் பார்த்து வலஞ்சுழி, இடஞ்சுழி எழுதினால் நேர் எதிராகப் போய்விடும்.

வரப்போரம்:
அக்கா, குமிழ் இருக்கிறது! ஒரு குண்டூசியால் குழியில் அடைந்திருந்த மண்ணை மெல்ல எடுத்துவிட்டு மறுபடி அச்செடுத்தேன். தொப்புள் கரையில் சின்னச் சின்னக் குமிழ்கள், கடைசிச் சுற்றில் இருபதுக்கு மேல். ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு வரி, சிலவற்றில் மூன்று.

ஆற்றுமணல்:
சரி, புசோசியா இல்லை. நான் அவசரப்பட்டுவிட்டேன். அப்படியானால் காஸ்மாட்டிசெரஸ் தியோபால்டியானம் என்று எழுதிவிடலாமா? திருச்சிராப்பள்ளித் தொகுதியில் ஒரு படிவ மண்டலத்துக்கே, அதாவது அந்தப் படிவத்தை வைத்து அடையாளம் காணும் அடுக்குக்கே, அந்தப் பெயர்தானே.

பழைய பாறை:
இங்கேதான் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு பக்கத்து அச்சு. வெளி விளிம்பு, அதாவது சக்கரத்தின் பட்டை ஓடும் இடம், கல் பிளந்த கோட்டில் போய்விட்டது. அங்கே முகடு இருக்கிறதா, வரிகள் தாண்டிப் போகின்றனவா, நின்றுவிடுகின்றனவா தெரியாது. சுற்று எவ்வளவு தடிமன் என்பதும் தெரியாது. பேரினம் வரை போகலாம், அதையும் ‘காஸ்மாட்டிசெரஸோடு ஒப்பிடத்தக்கது’ என்றே எழுதுவேன். தம்பி, அந்த மேட்டில் மறு பாதி இருக்க வேண்டும். வெளி அச்சு என்றால் இரண்டு மூடி, நடுவில் ஒரு பூரணம், மூன்று துண்டு. நீங்கள் எடுத்தது ஒன்று.

பெயர்களின் கதையையும் கொஞ்சம் சொல்கிறேன். 1846-இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் புதுச்சேரிப் பக்கத்துப் புதைபடிவங்களை விவரித்தார். பாகுலைட்டிஸ் வஜைனா என்ற நேர் குச்சி போன்ற அம்மோனைட் அவர் வைத்த பெயர். பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பிளான்ஃபோர்டு இந்தப் பாறைகளை மூன்று தொகுதியாகப் பிரித்து வரைபடம் போட்டார். அம்மோனைட்டுகளை ஒவ்வொன்றாக வரைந்து 1865-இல் வெளியிட்டவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. அவர் காலத்தில் சக்கரம் போலச் சுருண்டவை எல்லாமே ‘அம்மோனைட்டிஸ்’ என்ற ஒரே பேரினத்துக்குள்தான். முப்பது ஆண்டு கழித்து ஃபிரான்ஸ் காஸ்மாட் திரும்பப் பார்த்துப் பிரித்தார், அவர் நினைவாகத்தான் காஸ்மாட்டிசெரஸ். ஆகவே பழைய பட்டியலில் உங்கள் கல் வேறு பெயரில் இருக்கும், குழம்ப வேண்டாம். ஸ்டோலிச்கா 1874-இல் யார்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக் மலைகளில் இறந்தார். வயது 36. லேயில் கல்லறை இருக்கிறது. நம் ஊர்க் கல்லின் மேல் அவ்வளவு உழைத்தவர் பெயர் நம் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குமரித்தோட்டம்:
வரப்போரம், மறு பாதியைத் தேடும்போது சுத்தியலால் உடைக்காதீர்கள். மணற்கல் நீங்கள் நினைக்கும் இடத்தில் பிளக்காது.

வரப்போரம்:
ஒரு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். சித்தப்பாவும் நானும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்த மேட்டைக் கல் கல்லாகப் புரட்டினோம். மறு மூடி கிடைக்கவில்லை. ஆனால் பூரணம் கிடைத்துவிட்டது! பாதிச் சுற்றுதான், உடைந்த துண்டு. என் அச்சுக்குள் வைத்தால் நடுவில் மெல்லிய இடைவெளி விட்டு உட்கார்கிறது. அந்த இடைவெளிதான் கரைந்துபோன ஓடு. கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதில் வெளி விளிம்பு இருக்கிறது. உருண்டையாக, முகடு இல்லாமல். வரிகள் மங்கலாக, ஆனால் நிற்காமல் தாண்டிப் போகின்றன. தையல் கோடு முக்கால் பகுதியில் இல்லவே இல்லை. உடைந்த ஓரத்தில் மட்டும் இரண்டு, கிளைகள் மழுங்கி.

கோலமாவு:
கோடு இல்லாத பகுதி அந்த உயிர் கடைசியாகக் குடியிருந்த அறை. அதற்குள் தடுப்பே கிடையாது, அதனால் கோடும் கிடையாது. இரண்டு கோடு தெரியும் இடம் அறைகள் முடியும் எல்லை. அந்த எல்லையைப் பென்சிலால் அல்ல, படத்தில் மட்டும் குறித்து வையுங்கள்.

பழைய பாறை:
முகடு இல்லை, வரி தாண்டுகிறது, குமிழ், இறுக்கம், ஊர். இப்போது ‘ஒப்பிடத்தக்கது’ என்பதை எடுத்துவிடலாம். இனப் பெயர் வேண்டாம், சுற்றின் தடிமனை ஒப்பிட்டுப் பார்க்கும்வரை. இரண்டு துண்டையும் ஒரே பெட்டியில், ஒரே எண்ணோடு வையுங்கள். அரியலூர் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு முறை கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிணற்றில் எத்தனை அடி ஆழத்திலிருந்து வந்தது என்று சித்தப்பாவுக்கு நினைவிருக்கிறதா?

வரப்போரம்:
கேட்டேன். நாற்பது அடிக்குக் கீழே மஞ்சள் கல் வந்தது என்கிறார், அதற்கு மேல் சாம்பல் நிறமாம். சீட்டு இப்படி எழுதியிருக்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள்:

எண் 1, அ மற்றும் ஆ. காஸ்மாட்டிசெரஸ், இனம் தீர்மானிக்கவில்லை. அ: வெளி அச்சு, ஒரு பக்கம், விட்டம் 84 மி.மீ. ஆ: உள் வார்ப்பு, அரைச் சுற்று, குடியிருந்த அறையும் கடைசி இரண்டு தையல் கோடும். மஞ்சள் மணற்கல், கொளக்காநத்தம் அருகே, கிணறு, 40 அடிக்குக் கீழ். பாறையிலிருந்து நேரே எடுத்ததல்ல, தோண்டிப் போட்ட மேட்டிலிருந்து எடுத்தது.

பழைய பாறை:
கடைசி வரியை எழுதினீர்களே, அதற்காகவே ஒரு வணக்கம் தம்பி. திருத்த ஒன்றும் இல்லை.